கையுறையில் பட்ட வெயில்

மாங்காய்த் துருவல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஜிகிஷா மொட்டை மாடிப் படிகளில் பாய்ந்தாள். மணி பதினொன்று ஐந்து. ஐந்து நிமிட வெயில் அநியாயமாகப் போய்விட்டது!

கடைசிப் படியில் மாமியார் சரளாபென் முறமும் கோதுமையுமாக வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது நாளாக இதே படி, இதே முறம். மே மாதத்தில் வருஷத்துக் கோதுமையைச் சுத்தம் செய்யாத வீடு அகமதாபாத்தில் இல்லைதான். ஆனால் மற்றவர்கள் அதை மின்விசிறிக்குக் கீழே செய்வார்கள்.

"நகருங்க, பா." குஜராத்தி வழக்கப்படி மாமியாரை அவள் 'பா', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னிக்கும் சுந்தோவா? பதினாறு ஜாடி ஆச்சு. ஊருக்கே ஊறுகாய் சப்ளையா?"

"வெயில் நல்லா அடிக்குது, பா. சர்க்கரை அப்பதான் பாகாகும்."

வேவு பார்க்கிறார். சந்தேகமே இல்லை.

மாடியில் பாத்திரத்துக்கு மெல்லிய துணி கட்டிவிட்டு, அதன் பக்கத்தில் ஜிகிஷா சம்மணம் போட்டாள். சுந்தோ என்கிற இந்த இனிப்பு ஊறுகாய் ஒரு சாக்கு. உண்மையில் வெயிலில் காய வேண்டியது அவள்தான். வைட்டமின் டி ஒன்பது. முப்பதைத் தொட்டால்தான் உறைய வைத்த கருவை உள்ளே வைப்பேன் என்று டாக்டர் ஷெஃபாலி சொல்லியிருந்தார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கரு. போன தடவை தோற்றபோது சரளாபென் ஒரு வாரம் சாப்பிடாமல் அழுததில், இந்தத் தடவை வீட்டில் மூச்சு விடவில்லை. மாத்திரை வாங்கினால் கண்ணில் படும். 'வெயிலே போதும், மேடம்' என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்று ரத்தப் பரிசோதனை ரிசல்ட்.

படியில், தொட்டி கழுவ வந்த ஆளோடு மாமியாரின் சண்டைச் சத்தம். "நட்டுபாய்! தண்ணித் தொட்டியை நாளைக்குப் பாரு!"

"ஒரு மாசமா நாளைக்குன்னுதானே சொல்றீங்க, மாசி! தொட்டியில பாசி படிஞ்சு மீனே வளரும்!"

"வளரட்டும். மேல கால் வெச்சே, முறம் பிஞ்சிடும்!"

மாமியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, பாவம் என்று ஜிகிஷா நினைக்கும்போதே போன் அலறியது. வீடியோ கால். ஒரு கையுறையை மட்டும் உருவிவிட்டு எடுத்தாள்.

டாக்டர் ஷெஃபாலி பின்வாங்கினார். "யாரும்மா நீ? பேங்க்ல கொள்ளையடிக்கப் போறியா?"

"நான்தான் மேடம், ஜிகிஷா! வெயில்ல இருக்கேன். எவ்வளவு வந்திருக்கு?"

"பத்து."

"நாற்பது நாள், மேடம்! ஒரு நாள் விடல!"

"தினமும் இதே கோலமா? முகத்தைச் சுத்தித் துப்பட்டா, கறுப்புக் கண்ணாடி, முழங்கை தாண்டிக் கையுறை, சாக்ஸ்?"

"வெயில்ல வேற எப்படி மேடம் வருவாங்க? கறுத்துப் போயிட மாட்டோமா?"

"பேஷ். உன் துப்பட்டாவுக்கு வைட்டமின் அமோகமா இருக்கும். அதுக்கு வேணா கரு வைக்கலாம்." டாக்டரின் சிரிப்பு அடங்கியது. "முப்பது வந்தா குழந்தை நிச்சயம்னு நான் சொல்லல, ஜிகிஷா. ஆனா கடைசிக் கருவைப் பத்துல வைக்க எனக்கு மனசு வரல."

பின்னால் முறம் விழுந்தது. சரளாபென் கோதுமை சிதற வந்து போனைப் பிடுங்கினார். "மேடம், மாத்திரையோ பொடியோ எழுதுங்க. நானே வாயில ஊத்தறேன்."

"பா! உங்களுக்குத்... தெரியுமா?"

"ஆஸ்பத்திரி ஃபைலைக் கோதுமை டின்னுக்கு அடியில ஒளிச்சியே, புதுக் கோதுமை வந்தா டின்னைக் கவிழ்க்காம என்ன செய்வேன்?" சரளாபென் தலையில் அடித்துக்கொண்டார். "நட்டுபாய், கேபிள்காரன், உன் மாமனார், ஒரு ஆம்பளையை மேல விடாம நாற்பது நாளா அந்தப் படியில காவல் இருந்தேனே, எதுக்குன்னு நினைச்சே? நீ மேல போய் இதையெல்லாம் கழட்டிட்டு, கூச்சப்படாம கையைக் காலை வெயில்ல காட்டுவேன்னுதான்டி!"