அரை அடி தாமதம்

நர்ஸை அழைக்கும் மணியை அழுத்தப் போன மகளின் கையை அப்பா எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கப்பா, அம்மாவுக்கு மூச்சு நின்னுடுச்சு!”

“நிக்கல. பொறு, வருவா.”

அவருடைய மறு கை கட்டிலின் பக்கக் கம்பியை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. மகள் அம்மாவின் நெஞ்சையே பார்த்தாள். அசைவில்லை. அப்புறம், எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாவகாசமாக வந்து உட்காருகிறவளைப் போல, மூச்சு வந்தது.

“சொன்னேன்ல?” என்றார் அப்பா, ஏதோ தானே பெரிய சாதனை செய்துவிட்டவர் மாதிரி.

டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். மூச்சு விட்டு விட்டுத்தான் வரும், இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அம்மா ஓர் ஓட்டலின் மாடி அரங்கில் காலமெல்லாம் ஜாஸ் பாடியவள். அத்தனையும் காதல் பாட்டு. வருவாயா, மாட்டாயா, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேனே என்கிற ரகம். அவளுக்குப் பின்னால் டிரம்ஸில் அப்பா. தாளம் விழுகிற இடத்தில் அம்மாவின் சொல் விழாது. அரை அடி பிந்தித்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில் கேட்கிறவர்களுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிடும். வாத்தியக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘லேட்டம்மா’. மகளோ பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவள். லேட் என்று யாராவது சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல பொருத்தம், போங்கள்!

ஆனால் மகளின் மனத்தாங்கல் வேறு. முன்பின் தெரியாதவர்களைப் பார்த்து ‘என் உயிரே’ என்று உருகிய அம்மா, வீட்டில் அப்பாவிடம் பேசியதெல்லாம் “துண்டை எங்க போட்டே?”, “மாத்திரை முழுங்கினியா?” அவ்வளவுதான். காலையில் மகள் அவள் காதோரம் குனிந்து கெஞ்சியும் பார்த்துவிட்டாள். “போறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஆசையா ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா.” அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விடுவாளோ என்பதுதான் மகளின் பதைப்பு.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “சார், கம்பியைத் தட்டாதீங்க. அவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்.”

அப்பா சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவின் மூச்சு தடுமாறியது, இழுத்தது, சிக்கியது. நர்ஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். “சரி சார், தட்டுங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா தட்டினார். மூச்சு ஓர் ஒழுங்குக்கு வந்தது. தற்செயலோ என்னவோ, மகள் அதற்கப்புறம் மணியின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

“உங்களுக்கு வருத்தமே இருந்ததில்லையாப்பா? அவ்வளவு ஆசையும் ஊராருக்குத்தானே பாடினா?”

அப்பா சிரித்தார்.

“ஊராரைப் பாத்துத்தான் பாடினா. ஆனா லேட்டா வரணும்னா, அவளுக்காக ஒருத்தன் தாளத்தை விடாம பிடிச்சிட்டு இருக்கணும்ல? நான் கொஞ்சம் அசந்தா அவ விழுந்துடுவா. ஒரு நாள்கூட என்னைத் திரும்பிப் பாத்ததில்ல, தெரியுமா? பாக்கவே வேணாம், இவன் இருப்பான்னு அவ்வளவு தைரியம் அவளுக்கு.”

மேடையை மகள் எப்போதும் எதிரே உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறாள்; அப்பாவின் டிரம்ஸ் பக்கமிருந்து பார்த்ததேயில்லை. பாவம் அப்பா, பாவம் அப்பா என்று இத்தனை வருடம் உருகியது எவ்வளவு பெரிய மடத்தனம்!

மறுபடி மூச்சு நின்றது. அப்பாவின் விரல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பஸ்ஸைக்கூட மன்னித்தறியாதவள் மனசார வேண்டிக்கொண்டாள். லேட்டாவே வாம்மா. எவ்வளவு லேட்டா வேணும்னாலும் வா.

வந்தாள். இந்தத் தடவை மூச்சோடு குரலும் வந்தது. “ம்…” என்று ஒரே ஒரு சுரம். பொத்தல் விழுந்த குரல்தான்; ஆனால் சுருதி துளியும் பிசகவில்லை. அப்பாவின் முகம் புது மாப்பிள்ளையின் முகமாகிவிட்டது.

“கேட்டியா?” என்றார்.

“கேட்டேம்ப்பா.”

வார்த்தை வேண்டும் என்று மகளுக்கு அப்புறம் தோன்றவேயில்லை.

ஜன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கியது. அப்பாவின் தட்டல் மெல்ல மெல்லத் தணிந்து நின்றது.

“தட்டுங்கப்பா.”

“முடிச்சுட்டாம்மா.”

மகள் அம்மாவின் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ பாடி முடிச்சா அரங்கமே எழுந்து நின்னு கைதட்டும். நான் ஒரு தடவைகூட தட்டினதில்ல. கையில குச்சி இருக்குமே.”

உள்ளங்கைகளைச் சேர்த்தார். சத்தம் வரவில்லை. மறுபடி சேர்த்தார். மகள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.