ஒகிதானி பாராட்டிய பாட்டு

யாங்கூனில் பசுந்தாங் கால்வாய்ப் பக்கம் நாலாவது மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு சுரேந்திரன் பர்மா முழுக்கப் பாட்டுப் போட்டான். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். அதில் பாதிதான் நிஜம். வார்த்தைகள் அவனுடையவை, மெட்டு ஜப்பானிலிருந்து கப்பலேறி வரும். அந்த ஊரில் அதில் ஒரு வெட்கமும் கிடையாது. வெளிநாட்டு மெட்டில் பர்மிய வார்த்தைகளை உட்காரவைத்தால் அதற்குக் காப்பித் தச்சின் என்று பெயர். தச்சின் என்றால் பாட்டு, காப்பி என்றால் காப்பிதான். எல்லாரும் செய்தார்கள், இவன் கொஞ்சம் நன்றாகச் செய்தான், அவ்வளவே.

இவனுக்கு வாய்த்தவர் டோக்கியோவில் ஒகிதானி என்பவர். படிக்கிற வயதிலேயே பாட்டெழுதி நாடு முழுக்க முணுமுணுக்க வைத்து, முப்பது வயதுக்குள் சொந்தமாக ரெக்கார்டு கம்பெனி தொடங்கி, வருஷத்துக்கு நாலு பெண்களை நட்சத்திரமாக்கிய மகராசன். அவர் அங்கே இலை போட்டால் இவன் இங்கே பந்தியில் உட்கார்ந்துவிடுவான். மாலுமிகள் கொண்டுவரும் ஒலிநாடாக்களில் ஒகிதானியின் பெயரெழுத்து எப்படி இருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அந்த ஜப்பானிய எழுத்தைப் பார்த்தால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

பாடுகிறவள் தங்கை அம்சவேணி. பர்மாக்காரர்களுக்கு அவள் மா ஹின்தா, இவன் கோ துரெய்ன். தமிழ்ப் பெயரை அட்டையில் போட்டால் யார் வாங்குவார்கள். அப்பா அம்மா போனபிறகு அவளை வளர்த்தது சுரேந்திரன்தான். அதை அவனும் மறந்ததில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை. ஆனாலும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்குத் தொண்டை கட்டினால் இவனுக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறாம் வருஷம் ஒகிதானியின் பாட்டு ஒன்று கிடைத்தது. மாலுமி அசல் நாடாவைக் கையை விட்டுத் தரமாட்டேன் என்றதால், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நாடாவுக்கு நாடா பதிந்து தரும் ஒரு கடையில் சாயங்காலமாக அதைப் பதிந்து வாங்கினான். அட்டையும் இல்லை, படமும் இல்லை. போட்டுப் பார்த்தால் ஓர் ஆண்குரல், கனத்துப்போய், நடக்கவே தெம்பில்லாத மாதிரி மெதுவாகப் பாடியது. ஒகிதானி இப்படியும் போடுவாரா என்று சுரேந்திரன் அசந்துபோனான். மெட்டை இம்மி பிசகாமல் எடுத்து, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்குப் போன படகு திரும்பி வராமல் துறையில் ஒருத்தி விளக்கோடு நிற்பதாக வார்த்தை எழுதினான். அம்சவேணிக்கு இயல்பிலேயே தாழ்ந்த குரல். அவள் பாடி முடித்தபோது வாத்தியக்காரர்கள் யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பாட்டுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம் வார்த்தைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. காதலி, படகு, விளக்கு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள். பாட்டு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. எண்பத்தெட்டு ஆகஸ்டில் ஊர்வலம் போன பிள்ளைகளை ராணுவம் சுட்டதில் தெருவில் பறிகொடுத்த வீடுகள் யாங்கூனில் எத்தனையோ இருந்தன. வாய்விட்டு அழக்கூட முடியாத வீடுகள். அவர்கள் இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கீழ்மாடியில் இருந்த காளியம்மாவின் மகன் அந்த ஆகஸ்டில் போனவன்தான், திரும்பவில்லை. அவன் போன நாள் வந்தபோது அவள் அம்சவேணியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ஒருக்கா பாடும்மா" என்றாள். அன்றைக்கு மேலே ஏறி வந்த அம்சவேணி அண்ணனிடம், "இது காதல் பாட்டு இல்லண்ணே" என்றாள். ஆகஸ்டு வந்தால் அந்த நாடா ஏன் அப்படி விற்றுப்போகிறது என்று அவனுக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்தான். விற்பவன் அதையெல்லாம் கேட்கக்கூடாது என்பது அவன் கொள்கை.

தொண்ணூற்றைந்தில் ஒகிதானியே யாங்கூனுக்கு வந்தார். ஏரிக்கரை ஓட்டலில் நட்புறவு விழா, மந்திரிகள், சீருடைக்காரர்கள், பூங்கொத்துகள். உள்ளூர்ப் பாடகர்கள் அவர் பாட்டுகளை அவர் முன்னாலேயே பாட வேண்டும் என்று ஏற்பாடு. சுரேந்திரனுக்கு ஒரே கிலி. திருட்டு மெட்டு என்று அந்த மனிதர் சபையில் சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே என்று, மன்னிப்புக் கேட்க நாலு வரி ஜப்பானியம் மனப்பாடம் செய்தான். அதே சமயம் அவரோடு நின்று படம் எடுத்து அறையில் மாட்டவும் இடம் பார்த்து வைத்திருந்தான்.

"அண்ணே, படகுப் பாட்டு வேணாம். வேற ஏதாச்சும் பாடுறேன்" என்றாள் அம்சவேணி.

"நம்ம பேரு வெளிய வந்ததே அதாலதான். அவரு கேக்க வேணாமா?"

"பெரிய ஆளுங்கல்லாம் உக்காந்திருப்பாங்க. எனக்கு மனசு ஒப்பல."

"அஞ்சு வருசமா ரேடியோவுல போடுறான், முத்திர குத்திக் குடுத்த பாட்டு. ஒனக்கு என்ன பயம்? நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும்.

பாடினாள். முதல் அடியில் ஒகிதானி தலையைச் சாய்த்துக் கேட்டார், எங்கோ கேட்டதுபோல. இரண்டாவது அடியில் அடையாளம் கண்டுகொண்டார். முடிவதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதர் நல்லவர், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்லவர்கள் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவன் பாடு திண்டாட்டம். எழுந்து மேடைக்குப் போய் அம்சவேணியைக் குனிந்து வணங்கிவிட்டு ஒலிபெருக்கியில் பேசினார். மொழிபெயர்ப்பாளன் ஒவ்வொரு வரியாகப் பர்மியில் சொன்னான்.

"இது என் பாட்டுதான். கோடைக்காலச் சோடா விளம்பரத்துக்காக ஒரே நாளில் எழுதியது. கடற்கரையில் பெண்கள் துள்ளி ஆடுவார்கள்." கையைத் தட்டி அசல் தாளத்தைக் காட்டினார். குதிரை ஓடுகிற வேகம். சபை சிரித்தது. "இவர்கள் அதை இறந்தவர்களுக்கான பாட்டாக மாற்றியிருக்கிறார்கள். நான் வாழ்நாளில் அப்படி ஒன்று எழுதியதில்லை. இது என்னுடையதைவிட உயர்ந்தது." பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவராக, "யார் இறந்தது என்று கேட்கலாமா?" என்றார்.

மொழிபெயர்ப்பாளன் பழக்கதோஷத்தில் அதையும் சொல்லிவிட்டான். சீருடைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். சுரேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. க்யிம்யிண்டைங் கடையில் அன்றைக்கு மின்விளக்கு மஞ்சளாகச் சோர்ந்து எரிந்தது. கரண்டு பலமில்லாமல், அசலை ஓடவிட்ட கடைக்காரனின் பழைய இயந்திரம் தள்ளாடித் தள்ளாடி ஓடியிருக்கிறது, பெண்குரல் ஆண்குரலாகிவிட்டது, இவன் அந்தத் தள்ளாட்டத்தை இம்மி பிசகாமல் காப்பி அடித்திருக்கிறான். படம் எடுக்க அவன் மேடைப் பக்கமே போகவில்லை.

இரண்டு நாளில் கூப்பிட்டு அனுப்பினார்கள். அண்ணனையும் தங்கையையும் ஒரு மேசை முன்னால் உட்காரவைத்தார்கள். அதிகாரி குரலை உயர்த்தாத ஆள். இருவருக்கும் தேநீர் வரவழைத்தார்.

"வார்த்தையில் தப்பில்லை. அதை நாங்களே பார்த்தோம். மகிழ்ச்சியான பாட்டை ஒப்பாரி வேகத்துக்கு இறக்கியது யார்?"

"யாரும் இறக்கலைங்க ஐயா. பதிஞ்ச கடையில கரண்டு கம்மி. இயந்திரம் மெதுவா ஓடியிருக்கு. நாங்க அதையே அசல்னு நெனச்சிட்டோம்."

"எந்த வருஷம்?"

"தொண்ணூறுங்க."

"அந்த வருஷம் யாங்கூனில் மின்சாரம் சரியில்லை. அரசாங்கத்தைப் பற்றிய உங்கள் புகார் இதுதானே, கோ துரெய்ன்? எழுதிக்கொள்ளட்டுமா?"

சுரேந்திரன் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தான். இந்த நாட்டில் உண்மையைச் சொல்வதும் ஒரு குற்றத்திலிருந்து இன்னொரு குற்றத்துக்கு மாறுவதுதான்.

"ஜப்பான்காரர் சபையில் சொன்னதற்கு ஒரு பதில் எழுதியாக வேண்டும். இரண்டு பேர் தேவையில்லை. ஒரு பெயர் போதும்" என்றார் அதிகாரி. பேனா மூடியைத் திருகினார்.

ஒரு பெயர். அது அவன் நுனிநாக்கில்தான் இருந்தது. மெட்டை எடுத்தவன் அவன், தாளம் போட்டவன் அவன், விழாவில் அதையே பாடு என்றவனும் அவன். அம்சவேணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தேநீரில் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் போயிற்று.

"நான்தான்" என்றாள் அம்சவேணி பர்மியில். "வேகமான பாட்டு என்று எனக்குத் தெரியும். மாலுமி ஒருவரின் ரேடியோவில் கேட்டேன். அண்ணனுக்குச் சொல்லவில்லை. மெதுவாகப் பாடினால் நன்றாக இருக்கும் என்று நானே செய்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஏழு வருஷம் போட்டார்கள்.

சுரேந்திரன் முதலில் இடிந்துபோனான். பிறகு மெல்ல மெல்ல அவள் சொன்னதை நம்பத் தொடங்கினான். மனிதனுக்கு வேண்டியதை நம்புவதில் என்ன சிரமம். தெரிந்தும் தன்னிடம் மறைத்துவிட்டாளே என்று ஒரு மனத்தாங்கலே வளர்ந்தது. சிறைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும்போதெல்லாம், இவ்வளவு செய்தும் தங்கை துரோகம் செய்துவிட்டாள் என்று தனக்குத்தானே வருத்தப்பட்டுக்கொள்வான். வேறு பாடகிகள் வந்தார்கள், தொழில் நடந்தது. ஒகிதானி ஊருக்குப் போய் அந்தப் பாட்டை அதே மெதுவான வேகத்தில் பெரிய வாத்தியக் கோஷ்டியோடு மறுபடி பதிந்தாராம். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம் விற்றது, பரிசும் வாங்கியது என்று மாலுமி சொன்னான். நாடாவையும் கொடுத்தான். சுரேந்திரன் அதைக் காப்பி அடிக்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் அம்சவேணி வெளியே வந்தாள். முன்பல் இரண்டு இல்லை. பேச்சு மூச்சுக்காற்றாகத்தான் வந்தது. பாட்டைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. காளியம்மா மீன்சாறு ஊற்றிய மொஹிங்காச் சேவை வாங்கி வந்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டில், சுரேந்திரன் பெரிய மனது பண்ணித் தொண்டையைச் செருமினான்.

"அம்சா, நடந்தது நடந்துபோச்சு. தெரிஞ்சப்பவே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். போகட்டும், நான் எதையும் மனசுல வச்சுக்கல."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். கோபமாகப் பார்த்தால்கூட அவன் தாங்கியிருப்பான். சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"எனக்கு என்னண்ணே தெரியும்? ஒனக்குத் தெரியாத பாட்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ஏன் அப்படிச் சொன்னே?"

"நீ சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். "அந்தாளு பேனாவத் தொறந்து வச்சிக்கிட்டு ரொம்ப நேரமா உக்காந்திருந்தாரு."