மத்தியான பஸ்

சுளகிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி மீனம்மாவின் கையில் வைத்தாள் தாய் ராக்காயி. ஓமந்தைக் குடிசையின் முற்றத்தில், பழைய வேட்டி போர்த்தியபடி தகப்பன் சங்கிலி கிடந்தான். காய்ச்சல் என்று வவுனியா ஆசுபத்திரிக்குப் போன மனிதன் இப்படித்தான் திரும்பி வந்தான். வாய்க்கரிசி போட்டதும் தூக்கவேண்டியதுதான் பாக்கி.

மீனம்மாவுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, வேலிப் படலையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. காலையில் பக்கத்து வளவு அன்னபாக்கியம் வந்து, ஆறுதல் என்று நினைத்துத் தலையில் ஒரு இடியைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"உன்ர ரீச்சரும் வகுப்புப் பிள்ளையளும் மத்தியான பஸ்ஸில வருகினமாம்."

யார் இவர்களை வரச்சொன்னது? எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்தான். தெரிவது வேறு, வந்து பார்ப்பது வேறு. சேர்ந்த புதிதில் ஒருநாள் தோட்டத்துப் பேச்சில் "வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள், வகுப்பே சிரித்தது. அருந்ததி என்பவள் ஒரு கிழமையாக அதையே சொல்லிக் காட்டினாள். அன்றிலிருந்து, பேசப்போவதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் மீனம்மா பள்ளிக்கூடம் போவாள். வயல் வேலைக்குக் கூடவே நடந்துவரும் சங்கிலி, "ஓம் ரீச்சர், வாறன் ரீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு தானும் சொல்லிப் பார்ப்பான். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அழவைக்காமல் அவளைக் கேலி செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக நின்று மாரடித்தார்கள். ராக்காயி அவிழ்ந்த தலையோடு, தேயிலை மலையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். இதையெல்லாம் அருந்ததி பார்க்கப் போகிறாள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா?

ரோட்டில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேலி ஓலையின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ அசைந்து வந்தது. சீருடைதான், வேறென்ன! மீனம்மா அரிசியோடு குசினிக்குப் பின்னால் ஓடினாள். அப்பா கொத்தி அடுக்கிவைத்த விறகின் மறைவில் குந்திவிட்டாள்.

ராக்காயி கூப்பிட்டாள்.

"மீனம்மா, எங்கடி போன? அப்பாவுக்கு வாக்கரிசி போட வாடி."

தப்பு நின்றது. யார் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போ என்று மனம் அடித்துக்கொண்டது, கால் கேட்கவில்லை. அவர்கள் எவ்வளவு நேரம் நிற்கப் போகிறார்கள், போனதும் ஓடிப்போய்ப் போட்டுவிடலாம் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தப்பு மறுபடி தொடங்கியது. அழுகை ஓங்கியது. பிறகு அந்தச் சத்தம் படலையைத் தாண்டி, சுடலைப் பக்கமாகக் குறைந்துகொண்டே போனது.

அவள் முன்னால் வந்தபோது பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். அன்னபாக்கியம் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் போயிட்டினமோ?" என்று, அந்த நேரத்திலும் சொல்லைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள் மீனம்மா.

"ஆர் பிள்ளை வந்தது? ஒருத்தரும் வரேல்லை. பாடைக்குக் கட்டுற வெள்ளைத் துணிதான் பஸ்ஸில வந்தது."

ராக்காயி சுவரில் சாய்ந்திருந்தாள். தொண்டை கட்டிப் போயிருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்காகத்தான்டி தூக்காம வச்சிருந்தோம்" என்றாள். "வெயில்ல எம்புட்டு நேரம் போட்டு வைக்கிறது?"

மீனம்மா வெட்கத்தில் குன்றிப்போனாள். வராதவர்களுக்குப் பயந்து, செத்த அப்பாவை வெயிலில் காக்கவைத்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சில் இதற்கு ஒன்றும் இல்லை.

கையை விரித்தாள். வேர்வையில் ஊறி, அரிசி உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. எங்கிருந்தோ வந்த கோழி ஒன்று காலடியில் நின்று தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. அவள் மறுபடியும் கையை மூடிக்கொண்டாள்.