அணைத்த பிறகும் கரண்ட் இருக்க வேண்டிய ஒயர்

1

காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன். பால் காய்ச்சுகிறேன், ஒரு டம்ளர். பிறகு காரின் முன்கண்ணாடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓடவிடுகிறேன். அணைத்தால் அது கீழே போய்ப் படுக்காது. கண்ணாடியின் நடுவில், என் கண்ணுக்கு நேராக நின்றுவிடும். கீழே வரும் நொடி பார்த்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தவறும். பிறகு வேலைக்குப் போகிறேன்.

இந்தக் கதை ஒரு போஸ்டரிலிருந்து வந்தது. என் மனைவி கயல் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவஞ்சலி போஸ்டருக்கு அவள் தங்கை சுபாஸ்ரீ ஒரு வாசகம் கேட்டாள்.* பதில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

(* 'மண்ணை விட்டு மறைந்தாலும்' என்று பிரஸ்காரரிடம் ஆயத்தமாக ஒன்று இருக்கிறது. சுபா வேண்டாமென்றுவிட்டாள்.)

2

'கம்பம்மெட்டு மலைப்பாதையில் மேகங்கள், துயரத்தின் வெண்ணிற...' வேண்டாம். மேகம் மேகமாகவே இருக்கட்டும்.

மழை. சுபாவுக்கு மலைமேல் நெடுங்கண்டத்தில் வங்கி வேலை. அன்று பஸ் வரவில்லை, நான் ஏற்றிக்கொண்டேன்.

"மாமா, பிரஸ்காரரு போன் மேல போன் போடுறாரு. இன்னைக்கு அடிச்சாத்தான் நாளைக்கு ஒட்ட முடியுமாம்."

"ம்."

"அக்கா கடைசியா என்ன சொன்னுச்சு? வண்டியில நீங்க மட்டுந்தான இருந்தீக. அம்மா வருசம் பூரா கேக்குறாக."

வைப்பர் நின்றது. சுபா ஏதோ கத்தினாள். கண்ணாடியில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. அடுத்தது கொண்டை ஊசி வளைவு. எதிரே ஏதோ இறங்கி வரும் சத்தம். பின்னால் எஸ்டேட் ஜீப் ஹாரன்.

"ஏலே தம்பி, பொண்ணழைப்பா நடக்குது? ஓரங்கட்டுலே!"

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, பாறைப் பக்கமாக ஒதுக்கினேன். ஜீப் உரசிக்கொண்டு போனது.

3

(எலக்ட்ரிக்கல் படித்தவன் நான். பழுதைத் தேடும்போது யூகிக்கக் கூடாது, ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். கதைக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தேன். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பானெட்டைத் தூக்கினேன். சுபா குடை பிடித்தாள். மோட்டார் பிளக்கில் டெஸ்ட் லாம்ப்பைக் குத்தினேன். எரிந்தது.

"கரண்டு வருதுல்ல, பெறகென்ன?"

"வந்தது திரும்பிப் போகணும். எர்த்து."

மோட்டாரின் உடம்பையும் காரின் இரும்பையும் ஒரு ஒயர்த் துண்டால் தொட்டேன். வைப்பர் துள்ளி ஓடியது. சுபா குடையை என் தலையில் போட்டாள். எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. சுரண்டி முறுக்கினேன்.

இன்னொரு ஒயர் இருக்கிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் கரண்ட் இருக்க வேண்டும். அந்தக் கரண்டில்தான் வைப்பர் மீதி தூரம் போய்க் கீழே படுக்கும். அதையும் குத்தினேன். லாம்ப் எரியவில்லை. எரியாது என்று தெரியும்.

"இதச் சரிபண்ணலயா மாமா?"

"இல்ல."

"ஏன்?"

[இங்கே ஒரு காரணம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

4

முடிவு ஒன்று: 'அம்மாவப் பாத்துக்கங்க'ன்னு சொன்னா என்கிறேன். சுபா அழுகிறாள். போஸ்டர் நன்றாக வரும். ஆனால் கயல் அம்மாவைப் பற்றிக் கடைசியாகப் பேசியது புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்று.

முடிவு இரண்டு: ஞாபகமில்லை என்கிறேன். சுபா நம்புகிறாள்.

நம்ப மாட்டாள்.

5

நடந்தது இவ்வளவுதான். கயலுக்குக் காய்ச்சல் முற்றியது. கோம்பையிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டினேன். சின்னமனூரில் பிடித்த மழை வீரபாண்டியில் விட்டது. கதவில் சாய்ந்திருந்தவள் ஒரு வாக்கியம் பேசினாள். அவள் சொன்னதைச் செய்தேன். வைப்பர் நடுக் கண்ணாடியில் நின்றது. அன்றைக்குத்தான் முதல்முறை. இதென்ன என்று அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மலைப்பாதையில் சுபாவின் போன் அடிக்கிறது. பிரஸ்காரர்.

"மாமா, எடுக்கவா? என்ன சொல்ல?"

கதையை இங்கேயே நிறுத்துகிறேன். அவளுக்கு என்ன பதில் என்பதை நீங்கள் சொல்லுங்கள். போஸ்டரில் போடுகிற மாதிரி ஒன்று கிடைத்தால் அதையே சொல்லுங்கள். கயல் சொன்னது இது:

"மழதான் விட்ருச்சுல்ல, அந்த வைப்பர அமத்துங்க. பல்லு கூசுது."