ரக்கட் என்பதன் பொருள்

மைதிலியின் சினம் முழுவதும் ஒரே ஒரு பெயரடையின் மேல் இருந்தது. திருச்செங்கோட்டுக்கு மேற்கே அவளுடைய அம்மா சௌந்திரத்துக்கு இருந்த நான்கு ஏக்கர் கரட்டுக்காட்டை நில அளவர் ஆங்கிலத்தில் 'ரக்கட்' (rugged) என்று எழுதியிருந்தார். அலுவலகம் அதைத் 'தரிசு' என்று தமிழாக்கியிருந்தது. தொழிற்பேட்டைக்குத் தரிசை எடுப்பார்கள், விளைநிலத்தை விட்டுவிடுவார்கள்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவள் அவள். நில எடுப்பு விசாரணைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அகராதியோடு போனாள்.

"ரக்கட்னா மேடும் பள்ளமும் பாறையுமான நிலம் சார். உருவத்தைத்தான் சொல்லும், விளைச்சலைச் சொல்லாது. மலைக்கும் போடலாம், கரடுமுரடான முகத்துக்கும் போடலாம். தரிசுக்கு வேற சொல் இருக்கு."

வட்டாட்சியர் தீர்த்தகிரி அகராதியை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். "சரிதான் மேடம். மொழிபெயர்ப்பு தப்பு." பிறகு தாளைத் திருப்பினார். "ஆனா முடிவு பண்ணினது இதை வெச்சு. உரிமையாளர் வாக்குமூலம். 'கல்லைத் தவிர இங்கே ஒன்றும் விளைவதில்லை.' கையெழுத்து உங்களுதாம்மா?"

"ஆமாங்க," என்றாள் சௌந்திரம். "அப்பத்தான் கடலைக்காயைப் பறிச்சு ஊடு நெறையக் கொட்டியிருந்தமுங்க. மொகந்தெரியாத ஆளு வந்து, 'நல்லா வெளையுதாம்மா'ன்னு கேட்டா, ஆமான்னு ஆராச்சும் சொல்லுவாங்களா? கண்ணு பட்டுராதுங்களா?"

எழுத்தர் சிரித்துவிட்டார். மைதிலிக்குச் சிரிப்பு வரவில்லை. கிணறு நிறைந்தால் 'ஏதோ நனையுது' என்பதுதான் அந்த ஊரின் வழக்கம். அவளுக்கு வேலை கிடைத்தபோதும், 'எங்கியோ ஒரு மூலையில உக்கார வெச்சிருக்காங்க' என்றுதான் சௌந்திரம் ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

"வருசா வருசம் பயிர்க் கணக்கு எழுதற அடங்கல்ல ஏறியிருக்குமே சார்?"

"மூணு வருசமா அதுலயும் தரிசுதான். அங்கயும் இதையேதான் சொல்லியிருக்காங்க."

தீர்த்தகிரி உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சு செய்தார். 'ரக்கட் என்பதைத் தரிசு என்று மொழிபெயர்த்தது பிழை, அது திருத்தப்படுகிறது. உரிமையாளரின் ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது.' இரண்டு வாக்கியங்களிலும் மைதிலியால் குற்றம் காண முடியவில்லை.

"உன்ற பேச்சை ஒத்துக்கிட்டாருல்ல சாமி?" என்றாள் சௌந்திரம். "அப்ப ஆடிக்கு வெதைகடலை எடுத்து வெக்கட்டுமா?"

தீர்த்தகிரி அடுத்த கோப்பைப் பிரித்துவிட்டார். பதில் சொல்ல மைதிலிதான் மிச்சம்.

"வேண்டாம்மா," என்றாள்.