எந்தக் காலில் எழும்பினாள்

என் அக்கா நெவெனா வலது காலில் வேண்டுமென்றே குறைவாகத் தாவப்போகிறாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முந்தின நாள் எங்கள் மாடி நடையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை செய்த இடது காலில் முடிந்த மட்டும் தாவி, அங்கே ஒரு கோடு. பிறகு நல்ல காலான வலதில், அந்தக் கோட்டை இரண்டு விரல் மட்டும் தாண்டி இறங்கினாள். இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவினால் பிசியோ ரூஜா அத்தை கையெழுத்துப் போடுவாள். போட்டால் சனிக்கிழமை ஹேண்ட்பால் ஆட்டத்தில் இறங்கலாம். அக்காவைப் பார்க்கத்தான் ஹங்கேரியிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் வருகிறார். ஆனால் முட்டிக்குள் தைத்த நார் இன்னொரு முறை அறுந்தால் ஆட்டத்தையே மறந்துவிட வேண்டும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

"அறுந்தாத்தானே?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். நான் குனிந்து சாக்பீஸ் கோடுகளைக் கையால் அழித்தேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

ரூஜா அத்தையின் அறை விளையாட்டரங்கத்துக்கு அடியில் இருக்கிறது. நாங்கள் போனபோது கோச் வுகோட்டா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். மடியில் துணி சுற்றிய புகையூட்டிய பன்றித்தொடை.

"லஞ்சம்னு நெனைக்காதே ரூஜா. என் மாமியார் குடுத்துவிட்டது."

"உன் மாமியாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அதை அங்க வெச்சுட்டு வாயை மூடிட்டு உக்காரு."

அக்கா கட்டிலில் படுத்தாள். ரூஜா அத்தை இடது முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"தொடையை விறைப்பா வெச்சுக்காத, மகனே. தளர விடு." எங்கள் ஊரில் பாசம் வந்தால் பெண்ணும் மகன்தான். "ம். நார் நல்லாப் பிடிச்சு நிக்குது." தொடையைச் சுற்றி நாடா போட்டாள். "ஆனா இந்தத் தொடை இன்னும் இளைச்சே இருக்கு."

"இளைச்சா என்ன? பொண்ணுங்க காசு குடுத்து இளைக்கிறாங்க" என்றார் கோச்.

"நீயும் கொஞ்சம் குடுத்துப் பாரேன்."

அக்கா சிரித்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

தாவும் சோதனையை ரூஜா அத்தை அவளுக்கு வைப்பது அதுதான் முதல் முறை. தரையில் அளவு நாடா ஒட்டியிருந்தது. முதலில் நல்ல கால். அக்கா ஒற்றைக் காலில் நின்று, கையை வீசி, தாவினாள். ஒரு மீட்டர் முப்பத்தெட்டு. நடையில் பழகியதற்கு அச்சுப் பிசகவில்லை. பிறகு இடது. இறங்கும்போது முட்டி ஒரு கணம் உள்பக்கம் சாய்ந்தது, சமாளித்து நின்றுவிட்டாள். ஒரு மீட்டர் முப்பத்து நாலு.

ரூஜா அத்தை கணக்குப் போட்டாள். "நூத்துக்குத் தொண்ணூத்தேழு. தொண்ணூறே போதும்."

"அப்புறம் என்ன, போடு கையெழுத்தை!" கோச் எழுந்தே விட்டார்.

அவள் பேனா மூடியைத் திறந்தாள். போடவில்லை. அக்காவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கும்போது பூனை மாதிரி சத்தமே இல்லாம இறங்குறியே, மகனே. அவ்ளோ ஜாக்கிரதை எதுக்கு? அது நல்ல கால்தானே?"

"பழக்கம் அத்தை."

"சரி." பேனாவை மேசையில் வைத்தாள். நாற்காலியில் கிடந்த அக்காவின் பந்தை எடுத்தாள். அடுத்த நொடி, "நெவெனா!" என்று கத்தி அதை உயரத்தில் வீசினாள்.

அக்கா யோசிக்கவில்லை. இரண்டே எட்டு ஓடி எழும்பி, அந்தரத்தில் பந்தைப் பிடித்து, வலது கையை ஓங்கியபடி இறங்கினாள். அடிபடுவதற்கு முன்பிருந்த அதே நெவெனா. நான் கைதட்டப் போனேன்.

கோச் தட்டவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. அவள் ஆடியே ஆக வேண்டும் என்று அக்காவை விட அதிகம் தவித்தவர் அவர்தான்.

"எந்தக் கால்ல எழும்பின?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இடதுலதான். வேற எதுல?"

வலது கையால் எறிகிறவள் இடது காலில் எழும்ப வேண்டும். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட அது தெரியும். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். தாவும்போது ஏமாற்றினாள், ஆனால் இப்போது பொய் சொல்லவில்லை. இடது என்றுதான் நம்பினாள்.

கடைசியில் என்னிடம் திரும்பினாள். "நீ சொல்லுடி."

"வலதுதான், அக்கா."

அவள் பந்தைக் கீழே விட்டாள். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"நான் கால்கிட்ட கேட்கவே இல்லையே" என்றாள். "அதுவா மாத்திக்கிச்சா?"

"அந்தக் காலை உன் உடம்பு இன்னும் நம்பலை" என்றாள் ரூஜா அத்தை. "சனிக்கிழமை கோல் முன்னாடி உன்னை ஒருத்தி இடிப்பா. அப்பவும் அதுவாத்தான் மாத்திக்கும். கோணலா இறங்கினா நார் போச்சு."

அக்கா கோட்டருகே போனாள். யாரும் சொல்லாமலே வலது காலில் நின்றாள். இம்முறை மிச்சம் வைக்கவில்லை. தரை அதிர இறங்கினாள். ஒரு மீட்டர் எழுபத்திரண்டு.

ரூஜா அத்தை நாடாவைப் பார்த்தாள். பழைய கணக்கின் மேல் ஒரு கோடு இழுத்து, நூற்றுக்கு எழுபத்தெட்டு என்று எழுதினாள். திட்டவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாள்.

"ஹங்கேரிக்காரன் கிட்ட என்ன சொல்றது?" என்றார் கோச்.

"உட்கார வெச்சு ஹாம் குடு. இது உன் மாமியார் குடுத்ததுதானே, எடுத்துட்டுப் போ."

அவர் எடுக்கவில்லை. கதவுவரை போய்த் திரும்பி வந்து அக்காவின் தலையில் கை வைத்தார். பிறகு வெளியே போனார்.

ரூஜா அத்தை ஏறிப் பழகும் தாழ்வான பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டாள். "அழுறதுன்னா இப்பவே அழுதுடு. அப்புறம் இடது கால்ல இது மேல எழும்பு."

அக்கா அழவில்லை. பெட்டியின் முன் இடது காலில் நின்றாள். தொடை நடுங்கியது. கைகள் பின்னால் போயின, முன்னால் வந்தன, மறுபடி பின்னால் போயின. கால் தரையை விடவில்லை.

"நான் எங்கயும் போகலை" என்றாள் ரூஜா அத்தை. பன்றித்தொடையின் துணியைப் பிரித்து, மேசை மேலிருந்த கத்தியை எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டாள்.