சுத்த நீரும் உறைந்தது

"மைனஸ் ஏழு! நாலு துளி உறைஞ்சாச்சு! இல்ல, ஆறு!" அக்கா பிஹ்லா கத்திய கத்தலில், நான் கழுவிக்கொண்டிருந்த குப்பி கை நழுவியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தட்டின் குழிகளில் மேகத்திலிருந்து பிடித்த நீர், துளித் துளியாக. மெல்லக் குளிரவைத்தால், உறையும் துளி திரையில் சட்டென்று கறுக்கும். சுத்தமான நீர் மைனஸ் ஏழு டிகிரியில் சும்மா தண்ணீராகவே கிடக்கும். உறைகிறதென்றால் பனியைத் தூண்டும் துகள் உள்ளே இருக்கிறது. எங்கள் காட்டு மேகத்தில் அது உண்டென்று இன்றைக்கே காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த உறையவைக்கும் கருவியை வடக்கு ஆய்வு நிலையத்துக்கு ஏற்றிவிடுவார்கள். வண்டி வாசலில் நின்றது.

"எங்க, சுத்தத் தண்ணியை வை பார்ப்போம்," என்றார் வெய்க்கா. கருவியைக் கொண்டுபோக வந்தவர் அவர்தான்.

வைத்தாள். மைனஸ் ஏழு. திரை கறுத்தது.

"உங்க ஊர்ல சுத்தத் தண்ணியிலயும் மேகமா?" வெய்க்கா சிரித்தார். "பெட்டியைக் கட்டும்மா. இருட்டுறதுக்குள்ள நான் போகணும்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. காலை முழுக்கக் கோபுரத்தில் விறைத்து நின்று மேகம் பிடித்தவள். சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஈரத் தலையோடு நேராக இங்கே வந்திருந்தாள்.

"அக்கா, கழுத்துல என்னது?"

கிள்ளி எடுத்தாள். பிர்ச் மரத்து இலைத் துணுக்கு. சவுனாவில் முதுகில் அடித்துக்கொள்ளும் இலைக்கட்டிலிருந்து உதிர்ந்தது.

இலையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "ஐயோ! இலையில இருக்கிற கிருமியும் பனியைத் தூண்டுமே! தலை நிறையச் சுமந்துட்டு வந்து ரெண்டு தண்ணியிலயும் கொட்டியிருக்கேன்!"

"அப்போ அந்த மைனஸ் ஏழு மேகத்தோடதா, உன் முதுகோடதா?" வெய்க்காவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

"மேகத் தண்ணி அரைக் குப்பி மிச்சமிருக்கு. காபி குடிங்க அண்ணே, ஓடிடாதீங்க!" என்றாள் அக்கா.

தலைக்கு உறை, புதுக் கையுறை, புதுத் தட்டு. இடது பாதியில் மேக நீர், வலது பாதியில் சுத்த நீர். மைனஸ் ஆறு. மைனஸ் ஏழு. ஒன்றுமில்லை. அக்கா என் மணிக்கட்டை நெரித்தாள்.

மைனஸ் எட்டில் இடது ஓரத்தில் ஒரு துளி கறுத்தது. பிறகு மூன்று. பிறகு மளமளவென்று. மைனஸ் பதினைந்து வரைக்கும் வலது பக்கம் அசையவே இல்லை.

"மேகந்தான்டீ! மேகமேதான்!" அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

வெய்க்கா வெளியே போனார். பெட்டியைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றை வண்டிக்குள் வீசிவிட்டுத் திரும்பினார்.

"பெட்டி இங்கயே கிடக்கட்டும். ஆனா வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்? அந்த இலைக்கட்டுல ஒண்ணு கொடு."